‘பாத்துச் சொல்லுங்க’ என்றால் எதைப் பார்ப்பது?

எங்கள் கட்டற்ற மென்பொருள் குழுவின் ஆவணங்கள் எல்லாம் ஒரு பழைய மீடியாவிக்கியில் இருந்தன. எப்படி நிறுவுவது, திரை கறுப்பாக நின்றுவிட்டால் என்ன செய்வது, தமிழ்99 விசைப்பலகையை எங்கே போய் இயக்குவது என்று பலர் பல வருடங்களாக எழுதிச் சேர்த்தவை. அதைப் பார்த்துக்கொண்டிருந்த நண்பருக்கு இப்போது கல்யாணம், குழந்தை, வேறு ஊரில் வேலை. பிஹெச்பி பதிப்பு ஏறும்போதெல்லாம் ஏதாவது ஒரு நீட்டிப்பு படுத்துவிடும். தரவுதளம் முரண்டு பிடிக்கும். இதற்கெல்லாம் அவருக்குக் கிடைக்கும் நேரம் குழந்தை தூங்கிய பிறகுதான். கடைசியில், “என்னால முடியலப்பா, டோகுவிக்கிக்கு மாத்திரலாம்” என்றார். யாரும் மறுக்கவில்லை. மறுத்தால் பராமரிப்பு தன் தலையில் விழும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

கொஞ்ச நாளில் குழுவில் செய்தி வந்தது. “புது விக்கி சோதனைக்கு ரெடி. அடுத்த மாசம் வெளியிடறோம். அதுக்குள்ள எல்லாரும் ஒருதடவை பாத்துச் சொல்லுங்க.”

பதில்கள் மளமளவென்று விழுந்தன. கட்டைவிரல்கள். “சூப்பர்ண்ணே.” “லோகோ இன்னும் கொஞ்சம் பெருசா இருக்கலாம்.” “அந்த நீலம் கண்ணை உறுத்துது.” சாயங்காலம்வரை நீலத்தைப் பற்றித்தான் பேச்சு.

இந்த மாதிரி அழைப்புகள் மேல் எனக்குப் பழைய கோபம் ஒன்று உண்டு. ‘பாத்துச் சொல்லுங்க’ என்றால் எதைப் பார்ப்பது? முகப்பைத்தான் பார்ப்பார்கள். முகப்பு எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். செய்தவர் அதைத்தானே முதலில் செய்திருப்பார்! ஆவணம் தேடி வருகிறவர் முகப்பு வழியாக வருவதே இல்லை. அவருடைய மடிக்கணினி பாதி நிறுவலில் நின்றிருக்கும். கைபேசியை எடுத்து, வந்த பிழைச்செய்தியைத் தேடுபொறியில் அடிப்பார். நேராக ஏதோ ஒரு நடுப்பக்கத்தில் வந்து விழுவார். நீலம் என்ன நீலம் என்று அவருக்குத் தெரியவே தெரியாது.

அது மட்டுமில்லை. நிறம் பிடிக்காவிட்டால் வெளியிட்ட மறுநாள் மாற்றிக்கொள்ளலாம், தீபாவளிக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம். மாற்ற முடியாத சில சமாச்சாரங்கள் இருக்கின்றன. வெளியிட்ட பிறகு அவற்றில் கைவைத்தால் நூற்றுக்கணக்கான பக்கங்கள் ஆடும். தன்னார்வலர்களின் நேரத்தை அங்கேதான் செலவழிக்க வேண்டும் என்பது என் கட்சி. அதை எங்கள் குழுவில் சொன்னேன். “அப்போ நீங்களே அந்த லிஸ்ட்டைப் போடுங்கண்ணே” என்று பதில் வந்தது. தன்னார்வ அமைப்புகளில் வாயைத் திறப்பதற்குக் கிடைக்கும் வழக்கமான பரிசு.

டோகுவிக்கியைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆண்ட்ரியாஸ் கோர் என்கிற ஜெர்மானியர் 2004இல் எழுதத் தொடங்கியது. தரவுதளம் என்பதே கிடையாது. ஒவ்வொரு பக்கமும் சர்வரில் ஓர் எளிய உரைக் கோப்பு. முழு விக்கியையும் காப்பெடுக்க வேண்டுமா, ஒரு கோப்புறையை அப்படியே நகலெடுத்துக்கொண்டால் போதும். அலுவலகக் கையேடுகள், சிறு குழுக்களின் ஆவணங்கள் போன்றவற்றுக்கென்றே செய்தது போல இருக்கும். மீடியாவிக்கி விக்கிப்பீடியாவுக்காகப் பிறந்தது. பத்துப் பேர் எழுதி ஆயிரம் பேர் படிக்கிற இடத்துக்கு அது கொஞ்சம் பெரிய சட்டை. ஆக, நண்பரின் தேர்வில் எனக்குக் குறை இல்லை.

ஆவண விக்கியை வேறு மென்பொருளுக்கு மாற்றுவது எவ்வளவு வேலை என்பதற்கு நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது மொசில்லாவின் எம்டிஎன் என்ற ஆவணத் தளத்தின் கதையைத்தான். இணைய நிரலர்களில் அந்தத் தளத்தைத் திறக்காதவர் யாரும் இருக்க மாட்டார்கள். நெட்ஸ்கேப்பின் டெவ்எட்ஜ் என்ற ஆவணத் தளத்தை ஏஓஎல் 2004இல் மூடியது. அதிலிருந்த எழுத்தை மீண்டும் வெளியிட அனுமதி வாங்கி, மொசில்லா 2005இல் மீடியாவிக்கியில் கடை போட்டது. 2008இல் மைண்ட்டச் நிறுவனத்தின் டெக்கி மென்பொருளுக்கு மாறினார்கள். 2012 ஆகஸ்டில் அதையும் விட்டு, தாங்களே ஜாங்கோவில் எழுதிய கூமாவுக்கு வந்தார்கள். 2020 டிசம்பரில் யாரி என்ற அமைப்பு வந்தது. பக்கங்கள் எல்லாம் கிட்ஹப்புக்குப் போய்விட்டன. விக்கி என்ற வடிவமே போய்விட்டது. டெக்கியிலிருந்து கூமாவுக்கு வந்தபோது, பக்கங்களுக்குள் ஒளிந்திருந்த வார்ப்புருக்கள் எல்லாம் டெக்கிக்கு மட்டும் புரிகிற மொழியில் இருந்தன. எல்லாவற்றையும் கூமாஸ்கிரிப்ட் என்று புதிதாக ஒன்றை உண்டாக்கி மாற்றி எழுத வேண்டியிருந்தது. எழுத்து சுலபமாக இடம் மாறும், அதைச் சுற்றி ஒட்டிக்கொண்டிருப்பதுதான் வராது.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன்.

நான் பார்க்க உட்காரும்போது ஒரு வேலையோடு உட்கார்ந்தேன். வீட்டில் ஒரு பழைய மடிக்கணினி சும்மா கிடந்தது. அதில் எங்கள் மென்பொருளை முதலிலிருந்து நிறுவுவது, கைபேசியில் புது விக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு அதில் எழுதியிருப்பதை மட்டும் செய்வது, எனக்குத் தெரிந்ததை உபயோகிக்கக் கூடாது. கடைசி நிபந்தனைதான் கஷ்டம். பத்து வருடமாகச் செய்கிற வேலையில் கை தானாக ஓடும். ஆனால் படித்ததை மட்டும் செய்தால்தான் ஆவணத்தின் ஓட்டைகள் தெரியும்.

முதல் பக்கத்திலேயே மாட்டியது. ஒரு கட்டளையில் இரண்டு குறுங்கோடுகள் அடுத்தடுத்து வர வேண்டும். பக்கத்தில் பார்த்தால் ஒரே ஒரு நீளக்கோடு. மனிதக் கண்ணுக்கு அது அழகாகத்தான் இருக்கிறது. நகலெடுத்து முனையத்தில் ஒட்டினால் கணினிக்கு அது என்னவென்றே தெரியவில்லை. டோகுவிக்கியில் அச்சு நேர்த்திக்காக ஒரு வசதி உண்டு: இரட்டைக் குறுங்கோட்டை நீளக்கோடாகவும், நேரான மேற்கோள் குறிகளை வளைந்த குறிகளாகவும் தானே மாற்றிவிடும். கட்டுரைக்கு நல்ல விஷயம், கட்டளைக்கு விஷம். தனிக் குறிமுறைப் பெட்டியில் எழுதினால் இது நடக்காது. ஓடும் வரியின் நடுவில், சம அகல எழுத்தில் ஒரு கட்டளையைக் குறித்தால் நடக்கும். எங்கள் பழைய பக்கங்களில் பாதிக் கட்டளைகள் வரியின் நடுவில்தான் இருந்தன. இடமாற்ற ஸ்கிரிப்ட் அவற்றைச் சம அகல எழுத்தாக மட்டும் மாற்றியிருந்தது, ‘இதை அப்படியே விடு’ என்ற குறியைப் போடவில்லை.

எத்தனை பக்கம் பார்த்தும் கண்ணால் இதைப் பிடிக்க முடியாது. நகலெடுத்து ஒட்டினால்தான் தெரியும். அப்படியே விட்டிருந்தால் புதிதாக வந்து நிறுவுகிற ஒவ்வொருவரும் தன் கணினியில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்திருப்பார். கேட்கக் கூச்சப்பட்டு மூடிவிட்டுப் போயிருப்பார்கள் பாதிப் பேர்.

அடுத்தது தமிழ்த் தலைப்புகள். பழைய விக்கியில் ‘மென்பொருள் தொகுப்பை நிறுவுவது எப்படி’ என்று ஒரு பக்கம் உண்டு, அதிகம் படிக்கப்பட்டவற்றில் ஒன்று. புதியதில் அதைத் தேடினால் இல்லை. யாரோ விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது என்று நானே உருவாக்கப் போனேன். சேமிக்க முடியவில்லை.

காரணத்தைத் தோண்டியபோது கணக்கு வெளியே வந்தது. யூனிகோடில் நாம் ஒரு எழுத்து என்று நினைப்பது கணினிக்கு ஒன்றல்ல. ‘தமிழ்’ என்பது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து. யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட். மீடியாவிக்கியில் தலைப்பின் எல்லை 255 பைட். அதாவது 85 குறிகள்; நாம் அந்தச் சுவரை முட்டியதே இல்லை. டோகுவிக்கியோ பக்கத்தின் பெயரையே கோப்பின் பெயராக வைக்கிறது. எந்தச் சர்வரிலும் சிக்கல் வராமல் இருக்க, இயல்பாக அந்தப் பெயரை இணைய முகவரிகளில் வருகிற சதவீதக் குறிமுறைக்கு மாற்றி எழுதுகிறது. அப்படி மாற்றும்போது ஒவ்வொரு பைட்டும் 3 எழுத்தாகிறது. ஒரு தமிழ்க் குறிக்கு 9. லினக்ஸில் கோப்பின் பெயருக்கு எல்லை அதே 255 பைட்தான். வகுத்துப் பாருங்கள்: சுமார் 27 குறிகளுக்கு மேல் தமிழ்த் தலைப்பு வைக்க முடியாது. நம்முடைய ‘மென்பொருள் தொகுப்பை நிறுவுவது எப்படி’ 33 குறிகள், இடைவெளி தனி. ஆங்கிலத்தில் 33 எழுத்து 33 பைட்தான் என்பதால் இதை அந்தப் பக்கம் யாரும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. அமைப்புகளில் ஒரு வரியை மாற்றினால், கோப்பின் பெயரைச் சதவீதமாக்காமல் அப்படியே யுடிஎஃப்-8இல் எழுதும். அப்போது நம் தலைப்பு 102 பைட்டுக்குள் அடங்கிவிடும். ஆனால் ஒன்று: பக்கங்கள் எல்லாம் ஏறிய பிறகு இந்த வரியை மாற்றினால், ஏற்கெனவே வேறு பெயரில் கிடக்கும் கோப்புகளை விக்கியால் கண்டுபிடிக்க முடியாது. எல்லாவற்றுக்கும் பெயர் மாற்ற வேண்டும். வெளியிடும் முன்னால் ஒரு நிமிட வேலை, வெளியிட்ட பின் ஒரு வார வேலை. நான் கட்சி கட்டிப் பேசியது இப்படிப்பட்ட வரிகளைப் பற்றித்தான்.

நண்பரைக் கூப்பிட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. “அப்போ திரும்ப மொதல்லேருந்து ஏத்தணுமா?”

“ஏத்தணும்.”

“நீலத்தைப் பத்தி பேசுனப்பவே போனை வெச்சிருக்கணும்” என்றார்.

இன்னொரு நுணுக்கம், தமிழில் வேலை செய்கிறவர்கள் கவனிக்க வேண்டியது. ‘தொ’ என்ற எழுத்தின் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம். ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றேதான். மீடியாவிக்கி உள்ளே வரும் உரையை எல்லாம் சத்தமில்லாமல் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும், அதனால் பழைய விக்கியில் இது ஒரு பிரச்சினையே இல்லை. புதியதில் அந்தச் சேவையை யாரும் செய்து தருவதில்லை. எங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டிய தலைப்பில் இரட்டைக் குறி இருந்தால், கண்ணெதிரே இருக்கிற பக்கத்துக்கே சிவப்பு இணைப்பு வரும், ‘இப்படி ஒரு பக்கம் இல்லை’ என்று. ஔகாரம் இன்னும் மோசம். கொம்புக்குப் பின்னால் வரும் ஔகாரச் சிறகும் ளகரமும் பார்க்க ஒரே மாதிரி இருப்பதால் பலர் ளகரத்தையே தட்டிவிடுகிறார்கள். அதை மீடியாவிக்கியாலும் சரிசெய்ய முடியாது, ஏனென்றால் யூனிகோட் கணக்கில் அது வேறு எழுத்து. ஒகரத்துக்கு இடமாற்ற ஸ்கிரிப்டிலேயே ஒரு வரி சேர்த்தோம். இனிமேல் எழுதப்போவதற்குச் செருகுநிரல் ஒன்று வேண்டும். ஔகாரத்தை அப்படியே விட்டுவிட்டோம்.

தேடலையும் பார்த்தேன். ‘கோப்பு’ என்று தேடினால் ‘கோப்பு’ என்று தனியாக இருக்கும் பக்கங்கள் மட்டும் வந்தன. ‘கோப்பில்’, ‘கோப்பை’, ‘கோப்புகளை’ எதுவும் இல்லை. வேற்றுமை உருபு ஏறாமல் தமிழில் யார் வாக்கியம் எழுதுகிறார்கள்? டோகுவிக்கியில் தேடல் இயல்பாக முழுச்சொல்லுக்குத்தான் பொருத்தம் பார்க்கும். ‘இப்படித் தொடங்கும் சொற்கள்’ என்று மாற்றிக்கொள்ளலாம். மாற்றினோம். ‘கோப்புகளை’ வந்தது, ‘கோப்பில்’ வரவில்லை. உகரம் கழன்று இகரம் ஏறிவிட்டதே, அது எப்படி வரும்? ‘நிரல்’ என்று தேடினால் ‘நிரலை’ வராது. நடுவில் புள்ளி மறைந்துவிட்டது. கடைசியில் ‘சொல்லில் எங்காவது இருந்தால் போதும்’ என்று வைத்துக்கொண்டு, தேடுபெட்டிக்குக் கீழே ‘சொல்லின் முதல் பாதியை மட்டும் அடியுங்கள்’ என்று ஒரு வரி எழுதிப் போட்டோம். அசிங்கமான தீர்வு, எனக்குத் தெரியும். தேடல் அமைப்பை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்பதால் அதற்காக வெளியீட்டை நிறுத்தவில்லை.

இதெல்லாம் உள்ளே இருக்கிற ஆட்கள் கண்டுபிடித்தது. வெளியிலிருந்து வருகிறவர் எங்கே தடுக்குவார் என்று உள்ளே இருக்கிறவருக்குத் தெரியாது. பயன்பாட்டுச் சோதனையில் ஐந்து பேர் போதும், சுமார் 85 சதவீதக் குறைகள் தெரிந்துவிடும் என்று ஜேக்கப் நீல்சன் 2000இல் எழுதியதை இந்தத் துறையில் எல்லோரும் சொல்வார்கள். அவரும் தாமஸ் லாண்டவரும் 1993இல் போட்ட ஒரு கணக்கிலிருந்து வந்த எண் அது: ஒரு ஆள் சராசரியாக 31 சதவீதக் குறைகளைக் காண்பார் என்று வைத்துக்கொண்டு. எண்ணை எல்லோரும் நினைவு வைத்திருக்கிறார்கள். அந்த ஐவரும் உண்மையில் அந்தத் தளத்தைப் பயன்படுத்தப்போகிற மாதிரி ஆட்களாக இருக்க வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள். எங்கள் குழுவில் ஐந்து பேரைப் பிடித்தால் ஐவரும் முனையத்தில் கண்ணை மூடிக்கொண்டு தட்டுகிறவர்கள். ஐவரும் சேர்ந்து ஓர் ஆள்தான்.

அதனால் திண்டுக்கல் பக்கத்துக் கல்லூரி மாணவி ஒருத்தியைக் கேட்டோம். விக்கியில் ஒரு வரிகூட எழுதியதில்லை. “ஒரு எழுத்துப்பிழையைக் கண்டுபிடிச்சு, திருத்தி, சேமிச்சுக் காட்டும்மா. நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம்” என்றோம். திரையைப் பகிர்ந்தாள். நாங்கள் ஒலிவாங்கியை அணைத்துவிட்டு உட்கார்ந்தோம். இந்த ‘ஒண்ணும் சொல்லாமல் இருப்பது’ என்ன பாடு என்பது செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். அவள் சுட்டி சரியான பொத்தானுக்குப் பக்கத்தில் போய்ப் போய்த் திரும்புகிறது. நம் கை நாற்காலிக் கையைப் பிடித்துக்கொள்கிறது.

கணக்கு தொடங்கினாள். உறுதிசெய்யும் மின்னஞ்சல் வரவில்லை. எரிதப் பெட்டியில் கிடந்தது. அவள் அங்கே தேடவே இல்லை. “வரல” என்று காத்திருந்தாள். பிறகு மனிதரா என்று சோதிக்கும் கேள்வி: எங்கள் மென்பொருளின் முதல் பதிப்பின் பெயர் என்ன? எரிதக்காரர்களை நிறுத்த யாரோ ரொம்பப் புத்திசாலித்தனமாக வைத்த கேள்வி. புதிதாக வருகிறவருக்கு அது எப்படித் தெரியும்? எரிதக்காரரையும் நிறுத்தும், உதவிக்கு வருகிறவரையும் நிறுத்தும். இரண்டையும் எப்படியோ தாண்டி உள்ளே போனாள், பிழையைத் திருத்தினாள், சேமிக்கும் பொத்தானுக்கு மேலே சுட்டியை வைத்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

அப்புறம் கேட்டபோது சொன்னாள்: “சேவ் பண்ணா எல்லாருக்கும் மாறிடும்ல அண்ணா? தப்பாப் போயிட்டா?”

பழைய பதிப்புகள் அப்படியே இருக்கும், யார் வேண்டுமானாலும் எளிதாகத் திருப்பிக்கொள்ளலாம் என்று அவளுக்கு எங்கேயும் எழுதியிருக்கவில்லை. எங்களுக்கு அது மூச்சு விடுவது போலப் பழகிப்போன விஷயம், அதனால் யாருக்கும் எழுதத் தோன்றவில்லை. தொகுக்கும் பெட்டிக்கு மேலே இப்போது அதை எழுதியிருக்கிறோம். இந்த முழுச் சோதனையிலும் மிகப் பயனுள்ள கண்டுபிடிப்பு அவளுடைய அந்தத் தயக்கம்தான் என்று நான் நினைக்கிறேன். நண்பர் ஒத்துக்கொள்ளவில்லை, அவருக்குக் கோப்புப் பெயர்தான்.

புதியவர்களுக்காகச் செய்கிறோம் என்று நினைத்துச் செய்வதும் பழைய ஆட்களால் உதைபடும். 2013 ஜூலையில் ஆங்கில விக்கிப்பீடியா தன் காட்சித் தொகுப்பியை எல்லோருக்கும் இயல்பாகத் திறந்துவிட்டது. குறிமொழி தெரியாதவர்களும் எழுதட்டும் என்பது எண்ணம்; நல்ல எண்ணம். ஆனால் அது முதிராமல் வந்துவிட்டது. கட்டுரைகளுக்குள் யாரும் போடாத சதுரங்கச் சிப்பாய்க் குறிகள் முளைத்தன. பழைய பழக்கத்தில் குறிமொழியைத் தட்டியவர்களின் உரையில் வேண்டாத குறிச்சொற்கள் ஏறின. செப்டம்பர் இறுதியில், விரும்புகிறவர்கள் மட்டும் இயக்கிக்கொள்ளலாம் என்று பின்வாங்க வேண்டியதாயிற்று. பின்னால் அந்தத் தொகுப்பி நன்றாகவே தேறிவிட்டது, இன்று நான் அதைத்தான் பயன்படுத்துகிறேன். ஆனால் அன்று போன நம்பிக்கை திரும்பி வர வருடங்கள் பிடித்தன. பிழையைத் திருத்திவிடலாம். ‘இது உருப்படாது’ என்று ஒருமுறை மூடிவிட்டுப் போனவரைத் திருப்பிக் கூப்பிடுவது அவ்வளவு எளிதல்ல.

பழைய இணைப்புகளைப் பார்க்கும் வேலையை யாழ்ப்பாணத்து அண்ணா ஒருவர் எடுத்துக்கொண்டார். எங்கள் பக்கங்களுக்கு வெளியிலிருந்து எவ்வளவோ பேர் இணைப்புக் கொடுத்திருக்கிறார்கள். கல்லூரிப் பாடக் குறிப்புகள், யாரோ எழுதிய வழிகாட்டிகள், அச்சான ஒரு கையேடுகூட உண்டு. அவற்றையெல்லாம் நாம் போய்த் திருத்த முடியாது. நல்ல முகவரி மாறக் கூடாது என்று டிம் பெர்னர்ஸ்-லீ 1998இலேயே எழுதிவைத்துவிட்டார்; எழுதியவர் உலகளாவிய வலையைப் படைத்தவர் என்றாலும் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அண்ணா தன்னிடமிருந்த பழைய முகவரிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, இஞ்ச பழைய இணைப்பு ஒண்டும் சரியா வேலை செய்யேல்ல. எல்லாம் முகப்புக்குத்தான் போகுது.”

முகப்புக்குப் போவது 404ஐ விட மோசம். 404 என்றாலாவது இல்லை என்று தெரியும். முகப்பில் கொண்டுபோய் விட்டால், வந்தவர் தான் தேடியது எங்கே என்று அலைவார். பழைய தலைப்புக்கும் புதிய தலைப்புக்கும் ஒரு பட்டியல் போட்டு, நிரந்தரத் திசைதிருப்பலாக, அதாவது 301ஆக, சர்வரில் எழுதினோம். பட்டியல் முழுவதையும் அண்ணாவே செய்தார். இப்படி ஒரு சலிப்பான வேலையை முகம் சுளிக்காமல் செய்கிற ஒருவர் ஒவ்வொரு குழுவிலும் இருக்கிறார், அவர் பெயர் வெளியீட்டு அறிவிப்பில் வருவதே இல்லை. இந்த முறை போட்டோம்.

பதிப்பு வரலாறு வந்து சேரவில்லை. மீடியாவிக்கியிலிருந்து உரை மட்டும்தான் வந்தது. யார், எப்போது, எதை எழுதினார்கள் என்பது அங்கேயே நின்றுவிட்டது. “பரவாயில்ல, யாரு பாக்கப் போறா?” என்றார் ஒருவர். இது பார்ப்பதைப் பற்றிய விஷயம் இல்லை. எங்கள் பக்கங்கள் கிரியேட்டிவ் காமன்ஸ் பெயர் குறிப்பிடல்–அதேமாதிரிப் பகிர்வு உரிமத்தில் இருக்கின்றன. எழுதியவரின் பெயரைச் சொல்ல வேண்டும் என்பது அந்த உரிமத்தின் நிபந்தனை. காசு வாங்காமல் எழுதியவருக்கு நாம் கொடுக்க ஒத்துக்கொண்ட ஒரே கூலி அதுதான். இதில் கொஞ்சம் சத்தமாகவே பேசினேன். பழைய விக்கியைப் படிக்க மட்டும் திறந்த நிலையான பக்கங்களாக வைத்துக்கொள்வது, புதிய பக்கம் ஒவ்வொன்றின் அடியிலும் பழைய பங்களிப்பாளர் பட்டியலுக்கு இணைப்புக் கொடுப்பது என்று முடிவாயிற்று.

காப்புப் பிரதியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஜென்டூ லினக்ஸ் பயனர்களுக்கு ஒரு காலத்தில் அதிகாரபூர்வமற்ற விக்கி ஒன்று இருந்தது. ஜென்டூ பயன்படுத்தாதவர்கள்கூட அங்கே போய்ப் படிப்பார்கள். 2008இல் அதன் தரவு போய்விட்டது. தேடுபொறிகளின் தற்காலிகச் சேமிப்பிலிருந்தெல்லாம் பக்கங்களைப் பொறுக்கி எடுத்தார்கள். எனவே ‘காப்பு எடுக்கிறோமா’ என்று கேட்பதோடு நிற்காமல், எடுத்த காப்பை வேறொரு கணினியில் போட்டு விக்கி எழுந்து நிற்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். நின்றது. டோகுவிக்கிக்கு இந்த ஒரு விஷயத்தில் கும்பிடு போடலாம்.

சோதனை நடந்த நாட்களில் ஒரு சின்னச் சண்டையும் வந்தது. சோதனைத் தளத்தில் எழுதுவது அழிக்கப்படும் என்று முதலில் யாரும் சொல்லவில்லை. ஆர்வத்தில் ஒருவர் அச்சுப்பொறி இணைப்பது பற்றி ஒரு நீண்ட பக்கத்தை அங்கேயே எழுதிவிட்டார், படங்களோடு. மறு ஏற்றத்தில் அது போயிற்று. அவர் குழுவை விட்டு விலகவில்லை, ஆனால் பேச்சு குறைந்துவிட்டது. ‘இங்கே எழுதுவது எதுவும் தங்காது’ என்று சோதனைத் தளத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் பெரிய எழுத்தில் போடுங்கள். தேடுபொறிகள் சோதனைத் தளத்தைப் படிக்காமல் தடுத்திருப்பீர்கள். வெளியிடும் நாளில் அந்தத் தடையை எடுக்க ஒருவரைப் பெயர் சொல்லி நியமித்துவிடுங்கள். எடுக்க மறந்தால் உங்கள் விக்கி கூகுளின் கண்ணில் படாமலே உட்கார்ந்திருக்கும்.

குறைகளை எழுதும் விதத்திலும் எனக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. “தேடல் வேலை செய்யல” என்று எழுதினால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. எந்தப் பக்கம், என்ன அடித்தீர்கள், என்ன வரும் என்று நினைத்தீர்கள், என்ன வந்தது, எந்தக் கைபேசி, எந்த உலாவி. இதற்கு மேல் ஒன்றே ஒன்று சேர்க்கச் சொன்னேன்: வெளியிட்ட பிறகு இதைத் திருத்த முடியுமா, முடியாதா? முடியாதவை எல்லாம் ஒரு வரிசை, மற்றவை இன்னொன்று. முதல் வரிசை காலியாகும்வரை வெளியீடு கிடையாது. சொன்ன தேதியைத் தள்ளிவைக்க வேண்டிவந்தது. அறிவித்தவருக்கு வருத்தம்தான்.

ஒருவழியாக வெளியிட்டோம். நீலம் அப்படியேதான் இருக்கிறது, இப்போது யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. கொஞ்ச நாள் கழித்து ஓர் அரசுப் பள்ளி ஆசிரியர் எழுதியிருந்தார். அவர்கள் கணினி அறையில் இணையத்தை நம்ப முடியாது. அதனால் பக்கங்களை அச்செடுத்து மேசைக்கு ஒன்றாக ஒட்டிவைக்கிறாராம். நீளமான கட்டளைகள் எல்லாம் தாளின் ஓரத்தில் வெட்டுப்பட்டுப் பாதிதான் வருகின்றன, பிள்ளைகள் மீதியை யூகித்து அடிக்கிறார்கள் என்றார். நாங்கள் அத்தனை பேரும் கைபேசியில் பார்த்தோம், மடிக்கணினியில் பார்த்தோம், ஒருவரும் அச்செடுத்துப் பார்க்கவில்லை. டோகுவிக்கியில் அச்சுக்கென்று தனி நடைதாள் வைத்துக்கொள்ளலாம். நீளக் கட்டளைகளை மடக்கி அடுத்த வரிக்குக் கொண்டுவருவது, ஆனால் மடங்கிய இடத்தைப் பிள்ளைகள் புது வரி என்று நினைக்காமல் இருக்க ஓர் அடையாளம் வைப்பது, இதுதான் இப்போதைய வேலை. அதைத் திண்டுக்கல் மாணவி எடுத்துக்கொண்டிருக்கிறாள். ஆசிரியர் வாராவாரம் அச்செடுத்துப் படம் பிடித்து அவளுக்கு அனுப்புகிறார்.